நாலு பேரும் போவதாக இருந்த நாள்

அன்பு மகன் தானியேலுக்கு,

எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பதறிவிடாதே. உடம்புக்கு ஒன்றும் இல்லை. கண்ணில் புரை விழுந்த நாளிலிருந்து நான் சொல்லச் சொல்ல உன் அக்கா எஸ்தர்தான் உனக்கு எழுதி வருகிறாள். இந்தக் கடிதத்தை மட்டும் அவளிடம் சொல்லி எழுத முடியாது. அவள் உள்ளே கையால் சுற்றுகிற தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பகல் வேளைகளில், வாசல் வெளிச்சத்தில் பலகையைப் போட்டுக்கொண்டு நாலு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். சபைக்கு ஒரு விண்ணப்பம் என்று பொய் சொன்னேன். "விண்ணப்பத்துக்கு எம்புட்டு பேப்பர்ப்பா" என்று சிரித்தாள். அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காமல் விடுவது அவளுக்கு நன்றாகப் பழகிவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்தது. வழக்கம்போல அவள்தான் வாசித்தாள். பாளையங்கோட்டைக் கோயிலில் உன் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தாயிற்று என்றதும் கடிதத்தை மடியில் வைத்துவிட்டுக் கையைத் தட்டினாள். பெண் வீட்டார் நமக்குத் தங்க இடம் பார்த்திருப்பது, நீ தூத்துக்குடியில் வீடு பிடித்திருப்பது எல்லாவற்றையும் சந்தோஷமாக வாசித்தாள். அப்புறம் அந்த வரி வந்தது. "அக்காவுக்கு இவ்வளவு தூரம் பயணம் கஷ்டமாக இருக்கும். புது மனிதர்கள் மத்தியில் அவளுக்கும் சங்கடம். அவள் வீட்டிலேயே இருக்கட்டும். பிறகு நாங்கள் இரண்டு பேரும் வந்து பார்த்துக்கொள்கிறோம்." அவள் குரல் மாறவில்லை. நிறுத்தவும் இல்லை. "உங்க சட்டைக்கு கழுத்து அளவு கேட்டிருக்கான்ப்பா" என்று அடுத்த வரிக்குப் போய்விட்டாள். அளவு நாடாவை எடுத்து வந்து அன்றே என் கழுத்தை அளந்து, உனக்குப் பதிலும் எழுதி அனுப்பினாள். அது உனக்குக் கிடைத்திருக்கும். அதில் ஒரு குறையும் உனக்குத் தெரிந்திருக்காது.

நீ எழுதும் கடிதத்தை வாசிக்கப்போகிறவள் அவள்தான் என்பது உனக்கு எப்படி மறந்துபோயிற்று என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். கோபம் வந்தது. சாயங்காலம் ஆக ஆக அந்தக் கோபம் என் பக்கமே திரும்பிவிட்டது. ஐயா, அந்த வரி உன்னுடையது இல்லை. அதை நான்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். எந்த நாளில், எந்த இடத்தில் சொல்லிக்கொடுத்தேன் என்பதுகூட எனக்குத் தெரியும். அப்போது உனக்கு எட்டு வயது. உனக்குப் பாதி மறந்திருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் மீதியையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

யுத்தம் வருவதற்கு முந்தைய வருஷம், ஆடிமாதம். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் ஓடும் சமயத்தில் வடக்கேயிருந்து ஒரு கார்னிவல் கம்பெனி வந்து ஊருக்கு வெளியே கரிசல் பொட்டலில் கூடாரம் அடித்தது. நம் ராஜபாளையத்துத் தெருக்களில் மாட்டுவண்டியில் தப்பு அடித்து மஞ்சள் நோட்டீஸ் வீசிக்கொண்டு போனார்கள். அதில் ஒன்றை நீ ஓடிப்போய் எடுத்து வந்து அக்காவிடம் கொடுத்தாய். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மூன்று வயதில் வந்த காய்ச்சல் அவள் இரண்டு கால்களையும் கொண்டுபோய்விட்டது. கையை ஊன்றி, தரையில் நகர்ந்து நகர்ந்தே வீடு முழுக்கப் போய்வருவாள். கொல்லைக்குப் போக, கோயிலுக்குப் போக உன் அம்மா இடுப்பில் தூக்கிப் போவாள். நான் தூக்கியது குறைவு. பஞ்சாலையில் பிட்டர் வேலை பார்த்தவனுக்குக் கையில் வலு இல்லாமலா போயிற்று? தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதை என்னால் தாங்க முடியாது. அவ்வளவுதான்.

அந்த நோட்டீசை எஸ்தர் எத்தனை முறை வாசித்திருப்பாளோ தெரியாது. குதிரை ராட்டினம், தொட்டி ராட்டினம், ஆளைக் குண்டாகவும் ஒல்லியாகவும் காட்டும் கண்ணாடிக் கூடாரம், கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் விடுகிற வித்தை என்று வரிசையாகப் போட்டிருந்தது. தேர் அன்று ஆலைக்கு லீவு. "நாலு பேரும் போயிட்டு வருவோமாப்பா?" என்று கேட்டாள். நானும் அப்போது இருந்த குஷியில் போவோம் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து பத்து நாள் நம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. திட்டம் முழுவதும் அவளுடையது. சிலேட்டில் எழுதுவாள், அழிப்பாள், மறுபடி எழுதுவாள். பஸ் படி உயரம், அம்மாவுக்கு என்னைத் தூக்கிக்கொண்டு ஏறச் சிரமம், ரயிலில் போவோம் என்றாள். சாப்பிட்டுவிட்டு ராட்டினம் ஏறினால் தம்பி வாந்தி எடுப்பான், அதனால் முதலில் ராட்டினம், பிறகு புளிச்சோறு என்றாள். வெயில் ஏறிய பிறகு கண்ணாடிக் கூடாரம், ஏனென்றால் அது நிழல்.

தொட்டி ராட்டினம் எப்படிச் சுற்றும் என்று என்னைக் கேட்டாள். நான் ஆலையிலிருந்து உடைந்த நூற்கட்டை இரண்டைக் கொண்டுவந்து, ஈர்க்குச்சி செருகி, குச்சி முனைகளில் தீப்பெட்டித் தட்டுகளை நூலில் தொங்கவிட்டுச் சுற்றிக் காட்டினேன். அப்படிச் சேர்ந்து உட்கார்ந்து அவளோடு நான் ஒன்று செய்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. செத்த நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "பெட்டி கீழ வரும்போது தரைய ஒட்டித்தானப்பா நிக்கும்? அப்ப என்னைய தூக்கிக்கிட்டு ஏற வேண்டாம். உக்காத்தி விட்டா போதும். உங்க துண்ட இடுப்புல கட்டி கம்பியோட முடிஞ்சிட்டா விழ மாட்டேன். பக்கத்துல தம்பி இருக்கட்டும்." தன்னால் நமக்கு என்னென்ன தொந்தரவு வரும் என்று அவளே யோசித்து, ஒவ்வொன்றுக்கும் வழியும் கண்டுபிடித்து வைத்திருந்தாள். எனக்குச் சாக்குச் சொல்ல அவள் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

தேருக்கு இரண்டு நாள் முன்னால் ஆலையில் எங்கள் மேஸ்திரி, தான் குடும்பத்தோடு போவதாகச் சொன்னார். பிட்டர் பிரிவில் எல்லாரும் வருவதாகப் பேச்சு. அதைக் கேட்டதும் என் மனம் சுருங்கிவிட்டது. அத்தனை பேர் நடுவே நான் அவளைத் தூக்கிக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னேன், "எஸ்தர் வர வேண்டாம். தேர்க் கூட்டம், ரயில்ல நிக்க இடம் இருக்காது. அவளுக்குக் கஷ்டமா இருக்கும்."

உன் அம்மா கையில் இருந்த அகப்பையோடு அப்படியே நின்றாள். "நான்ல தூக்கப்போறேன். உங்களுக்கு என்ன?" என்றாள். அடுத்த வீட்டு லட்சுமம்மா சத்தம் கேட்டு வந்தார்கள். உன் அக்காவைத் தெலுங்கில் தல்லி, தல்லி என்று கொஞ்சுகிற அந்த அம்மாள்தான். "நானும் வாரேன் அய்யா, ஆளுக்கு செத்த நேரம் தூக்குவோம், பிள்ளை ஆசையா இருக்காள்ல" என்றார்கள். ஒரே பிடியாக முடியாது என்று சொல்லிவிட்டேன். எஸ்தர் அழவில்லை. சிலேட்டில் இருந்ததை ஒரு காகிதத்தில் எழுதி உன்னிடம் கொடுத்தாள். "நீ கையில வச்சிக்கோடா. அப்பா மறந்துருவாவ" என்றாள்.

நாம் மூன்று பேரும் போனோம். ரயிலில் கூட்டம்தான், ஆனாலும் ஒரு பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள இடம் இருந்தது. அதை அம்மாவும் பார்த்தாள், நானும் பார்த்தேன். பொட்டலில் போய் இறங்கியதும் மேஸ்திரி எதிரே வந்தார். உன் கன்னத்தைத் தட்டிவிட்டு, "உமக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டார். "இந்த ஒரு பையன்தான்" என்றேன். தானியேல், அப்போது நீ நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாய். நான் ராட்டினத்தைக் காட்டி உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டேன். இது உனக்கு நினைவிருக்கிறதா இல்லையா என்று கேட்க இத்தனை வருஷம் எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மா மேஸ்திரி மனைவியோடு பேசிக்கொண்டு நாலடி தள்ளி நின்றாள். அவளுக்குக் கேட்டதா என்பதும் தெரியாது. நான் கேட்கவில்லை. இப்போது அவளும் கல்லறையில் இருக்கிறாள்.

தொட்டி ராட்டினத்தின் அடியில் நமக்கு முன்னால் வெள்ளாமை பார்க்கிற மம்சாபுரத்துச் சம்சாரி ஒருவர் நின்றார். முதுகில் ஒரு பையனை உப்புமூட்டை தூக்கியிருந்தார். பையன் என்றேன், அவனுக்கு இருபது வயது இருக்கும், மீசை இருந்தது. கால் இரண்டும் குச்சியாக ஆடிக்கொண்டிருந்தன. "ஏப்பா, பெட்டிய செத்த நிறுத்து, எம் மவன் ஏறணும்" என்று அவர் சத்தம் போட்டார். ராட்டினக்காரன் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினான். வரிசையில் நின்ற இரண்டு பேர் கேட்காமலே வந்து கைகொடுத்தார்கள். அவனை உட்காரவைத்து, அப்பனும் பக்கத்தில் உட்கார்ந்து, சக்கரம் மேலே போனது. உச்சிக்குப் போனதும் அந்தப் பையன் கத்தினான், "ஐயா! தேரு தெரியுது! இங்கனயிருந்து தேரு தெரியுது!" கீழே நின்ற சனம் அவனைப் பார்த்துச் சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை. நான் பயந்த மாதிரி ஒருவரும் பார்க்கவில்லை. உன் அம்மா என்னிடம், "பாத்தியளா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நம் முறை வந்தபோது அவள் ஏறவில்லை. புளிச்சோற்றுத் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நீயும் நானும் ஏறினோம். மேலே போனதும் தேர் தெரிந்தது உண்மைதான். நீ துள்ளினாய். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தலைசுற்றல் என்று உன்னிடம் சொன்னேன்.

ஆனால் நான் பெரிய தப்பு செய்தது அங்கே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு.

நாம் திரும்பியபோது எஸ்தர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். "முதல்ல எதுல ஏறுனிய?" என்பதுதான் முதல் கேள்வி. நீ அவள் எதிரே உட்கார்ந்து ஒன்று விடாமல் சொல்ல ஆரம்பித்தாய். குதிரைக்குக் காது உடைந்திருந்தது, ராட்டினம் மேலே போகும்போது வயிற்றுக்குள் எப்படி இருந்தது, கண்ணாடியில் அப்பா பூசணிக்காய் மாதிரி தெரிந்தது. கையை வீசி, எழுந்து ஓடி, விழுந்து காட்டினாய். அவள் கண் உன்னைவிட்டு நகரவில்லை. "பொறவு? பொறவு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நீ மோட்டார் சைக்கிள்காரனைப் போல உறுமிக்கொண்டு அறையைச் சுற்றி வந்தபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு நாள் இது நடந்தது. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் இன்னொருமுறை சொல்லச் சொல்வாள். நீ சொல்லும் ஒவ்வொன்றிலும் அவளும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். அது எனக்கு இப்போது புரிகிறது. அன்றைக்கு அந்தச் சிரிப்பு என் காதில் வேறு மாதிரி விழுந்தது. நீ சொல்லச் சொல்ல என் குற்றத்தை யாரோ தண்டோரா போடுவது மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் நீ மறுபடி ஆரம்பித்ததும் எழுந்து வந்து உன் கன்னத்தில் அறைந்தேன். "ஏலே, அவ முன்னால இதப் பேசாதன்னு அறிவு வேண்டாம்? அவளுக்குக் கஷ்டமா இருக்கும்ல!"

நீ அழக்கூட இல்லை, திகைத்துப்போய் நின்றாய். "எனக்கு ஒண்ணும் கஷ்டமா இல்லப்பா" என்று எஸ்தர் சொன்னாள். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. அடுத்த ஞாயிறு கோயில் முடிந்ததும் ஒரு கூண்டு வண்டி அமர்த்தி வந்தேன். திறந்த வண்டியே கிடைத்தது. மூடிய வண்டிதான் வேண்டும் என்று அலைந்து பிடித்தேன். அப்போதும் என் புத்தி அப்படித்தான் இருந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். எஸ்தர் கிறிஸ்துமஸ் பாவாடையைக் கட்டிக்கொண்டாள். லட்சுமம்மா அவளுக்குக் கனகாம்பரம் வைத்துவிட்டார்கள். வழி முழுக்க வண்டிக்காரரிடம் எம்புட்டு தூரம், எம்புட்டு தூரம் என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

பொட்டலில் ஒன்றும் இல்லை. முந்தின நாளே கம்பெனி கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டதாம். மழை பெய்து கரிசல் மண் குழைந்து கிடந்தது. கம்பு நட்ட குழிகளில் தண்ணீர் நின்றது. நாலைந்து ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. நான் விசாரிக்காமல் கூட்டி வந்துவிட்டேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எஸ்தர் கூண்டுக்கு வெளியே தலையை நீட்டி வெகுநேரம் பார்த்தாள். பிறகு உன்னிடம் திரும்பி, "தொட்டி ராட்டினம் எந்த இடத்துலடா இருந்துச்சு? குதிரை எங்கன?" என்று கேட்டாள். உனக்கு ஒவ்வொரு குழியும் தெரியும். வண்டியிலிருந்து குதித்து ஓடிப்போய் இங்கே, இங்கே என்று நின்று காட்டியிருப்பாய். நீ வாயைத் திறந்தாய். என் முகத்தைப் பார்த்தாய். வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தாய்.

"சொல்லுலே, அக்காவுக்குக் காட்டு" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மூன்று வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால், அவளைத் தூக்கிக்கொண்டு அந்தச் சேற்றில் இறங்கி உன் பின்னால் நடந்திருந்தால், நடந்தது எல்லாம் பாதியாவது சரியாகியிருக்கும். நான் வண்டிக்காரரிடம், "திருப்புங்க" என்றேன்.

அதோடு நீ அவளிடம் எதையும் சொல்வதை நிறுத்திவிட்டாய். பள்ளிக்கூடத்து நாடகம், ஆற்றில் வெள்ளம் வந்தது, பாளையங்கோட்டை காலேஜ், தூத்துக்குடிக் கப்பல் எதையும் அவளிடம் சொல்லவில்லை. அவள் கேட்பாள், நீ ஒற்றை வார்த்தையில் முடிப்பாய். உனக்கு இரக்கம் இல்லாமல் போகவில்லை. இரக்கம் என்றால் வாயை மூடிக்கொள்வது என்று நான் அறைந்து சொல்லிக்கொடுத்ததை நீ ஒழுங்காகக் கற்றுக்கொண்டாய். லீவுக்கு வரும்போதெல்லாம் அவளுக்குச் சேலை வாங்கி வந்தாய், எண்ணெய் வாங்கி வந்தாய். அவள் அவற்றை மடித்து வைத்துவிட்டு, உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காத்திருப்பாள். நீ செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொள்வாய். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்பன் ஆனவன் ஒரு வார்த்தை சொல்லிச் சரிசெய்ய எத்தனையோ சாயங்காலங்கள் வந்துபோயின. நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.

உனக்கும் நாளைக்குப் பிள்ளைகள் பிறக்கும். ஒருவரைப் பற்றி, அவருக்குக் கஷ்டமாக இருக்கும் என்று உன் வாய் சொல்ல வரும்போது, கஷ்டம் அவருக்கா எனக்கா என்று ஒருமுறை கேட்டுக்கொள். முடிந்தால் அவரிடமே கேள். எஸ்தரிடம் நான் கேட்டிருந்தால் பதில் ரெடியாக இருந்தது. நான் கேட்காமலேயே அவள் சொன்னாள், நான்தான் காதில் வாங்கவில்லை. பெண் வீட்டார் ஏதாவது சொல்லித்தான் நீ அப்படி எழுதினாயா என்று எனக்குத் தெரியாது. அப்படி இருந்தால் அவர்களிடம் போய் எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள் என்று உரக்கச் சொல். நான் பொட்டலில் சொல்லாமல் விட்டதை நீயாவது சொல்.

நேற்று அவளிடம் எல்லாவற்றையும் பேசினேன். மேஸ்திரியிடம் சொன்னது உட்பட. கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "தெரியும்ப்பா. அம்மா சொல்லியிருக்காவ" என்றாள். அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. இத்தனை வருஷம் இரண்டு பேரும் தெரிந்துகொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். எழுந்து வாசலுக்குப் போனேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "கல்யாணத்துக்கு வாம்மா. நான் தூக்கிக்கிட்டுப் போறேன். நடுக் கோயில்ல எல்லாரும் பாக்க உன்னைய முன் வரிசையில உக்கார வைக்கேன்" என்றேன்.

"உங்களால இப்ப ஒரு குடம் தண்ணி தூக்க முடியாதுப்பா" என்று சிரித்தாள். வண்டி வைக்கிறேன், ஆள் வைக்கிறேன் என்று கெஞ்சினேன். வெட்டிக்கொண்டிருந்த துணியை மடக்கி ஓரமாக வைத்தாள். பிறகு சொன்னாள்:

"தூக்குறதுக்கு ஆள் கிடைக்கும்ப்பா. நீங்க கூப்பிடுதிய, சரி. அவன் கூப்பிடலையே."

இத்தனை வருஷத்தில் நீ இந்த வீட்டுக்கு எழுதிய எல்லாக் கடிதத்தையும் பிரித்தவள் அவள், வாசித்தவள் அவள், பதில் எழுதியவள் அவள். உறை மேல் ஒருமுறைகூட அவள் பெயர் இருந்ததில்லை. நான் உனக்காக ஒன்றும் அவளிடம் சொல்லப்போவதில்லை. நீ வருத்தப்படுகிறாய் என்று பொய் சொல்லமாட்டேன், நீ எழுதுவாய் என்று ஆசை காட்டவும் மாட்டேன். கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து கடிதம் வர இரண்டு நாள். தபால்காரர் நம் தெருவுக்குப் பத்து மணிக்கு வருகிறார்.

உன் அப்பா